எங்கள் கல்யாணத்துக்கு மதுரை வருகிறவர்களுக்கு: வந்து இறங்குவதிலிருந்து மல்லிகையோடு ஊர் திரும்பும் வரை

நான் பிறந்து வளர்ந்தது மதுரை சிம்மக்கல். அவருக்குக் கோவை. நான்கு வருடமாக அவரை இந்த ஊருக்குள் கூட்டிக்கொண்டு சுற்றியதில் எங்கள் இருவருக்கும் ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. மதுரையில் எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதுதான் முக்கியம். நிச்சயத்துக்கு வந்த அவருடைய பெரியப்பா குடும்பம் பகல் 12.40-க்குக் கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. நடை சாத்தியாயிற்று, இனி மாலை 4 மணிக்குத்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற பெரியம்மாவுக்கு உள்ளங்கால் கொப்பளித்துவிட்டது. மூன்றரைக்கு அவர்களுக்கு வண்டி. மீனாட்சியைப் பார்க்காமலே ஊர் திரும்பினார்கள். எனக்கு அந்தக் குறை இன்னும் ஆறவில்லை. இந்த முறை ஒருவரும் அப்படித் திரும்பக் கூடாது என்றுதான் இருவரும் உட்கார்ந்து இதை எழுதினோம்.

முந்தின நாள் மாலை 6.30-க்கு வரவேற்பு. மறுநாள் காலை 6 முதல் 7.30-க்குள் முகூர்த்தம். இந்த இரண்டுக்கும் முன்னும் பின்னும் உங்கள் கையில் இருக்கிற நேரத்தை வைத்துத்தான் கீழே உள்ள படிகள்.

படி 1: எதில் வருவது, எங்கே இறங்குவது

ரயில் டிக்கெட்டை இப்போதே குறித்து வையுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். ஆவணி முகூர்த்தம் என்றால் நம் கல்யாணம் மட்டுமா நடக்கிறது, தென்மாவட்டம் முழுக்கக் கல்யாணம்தான்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வது பாண்டியன் எக்ஸ்பிரஸ். இரவு ஏறிப் படுத்தால் விடியற்காலையில் மதுரை. அன்று காலையே கோயிலைப் பார்த்துவிடலாம். காலையில் கிளம்பும் தேஜஸ் மதிய வாக்கில் வந்து சேரும், வரவேற்புக்கு அதுவும் சரிதான். வைகை எக்ஸ்பிரஸ் மட்டும் வேண்டாம். மதியம் சென்னையில் கிளம்பி இரவு 9 மணிக்கு மேல்தான் இங்கே வரும். நீங்கள் மண்டபத்துக்கு வந்து சேரும்போது பந்தி முடிந்திருக்கும்.

பேருந்தில் வருகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். மதுரையில் வெளியூர்ப் பேருந்துகளுக்கு இரண்டு நிலையங்கள். கோவை, திண்டுக்கல், தேனி, சேலம் பக்கத்துப் பேருந்துகள் ஆரப்பாளையத்துக்கு வரும். சென்னை, திருச்சி, தஞ்சாவூர், திருநெல்வேலி, ராமேஸ்வரம் பக்கத்துப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கு வரும். இரண்டும் ஊரின் வேறு வேறு கோடியில் இருக்கின்றன. கூட்டிப்போக வருகிற எங்கள் தம்பிமாரிடம் 'பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்' என்று மட்டும் சொல்லாமல், எந்த பஸ் ஸ்டாண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பெரியார் பேருந்து நிலையம் என்று ஒன்று ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. அது உள்ளூர்ப் பேருந்துகளுக்கு.

விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர், அவனியாபுரம் பக்கம்.

ஆட்டோவில் மீட்டர் போட்டு ஓட்டுவதை நான் பார்த்ததில்லை. ஏறும் முன்பே 'அண்ணே, எவ்வளவு?' என்று கேட்டு முடிவு செய்துவிட்டு ஏறுங்கள். செயலியில் பிடிக்கும் வண்டிகளும் நன்றாகவே கிடைக்கின்றன. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் மட்டும் வண்டியை நம்ப வேண்டாம், நடை தான் வேகம்.

படி 2: எந்தக் கரையில் தங்குவது

ஊருக்கு நடுவே வைகை ஓடுகிறது. தென்கரையில் கோயிலும் பழைய ஊரும் ரயில் நிலையமும். வடகரையில் தல்லாகுளம், அண்ணா நகர், கே.கே. நகர், மாட்டுத்தாவணி, அப்புறம் நம் மண்டபம். இடையில் பாலங்கள். அதில் 1889-இல் கட்டிய ஏ.வி. பாலம்தான் சிம்மக்கல் பக்கத்தையும் கோரிப்பாளையத்தையும் சேர்ப்பது. காலை, மாலை நெரிசலில் இந்தப் பாலத்தைத் தாண்டவே பொறுமை வேண்டும்.

எங்கள் யோசனை இது. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள், கைக்குழந்தைக்காரர்கள், முகூர்த்தத்துக்குக் காலை 5 மணிக்கே வந்தாக வேண்டிய நெருங்கிய சொந்தங்கள் வடகரையில் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே தங்குங்கள். அந்த அறைகளை நாங்களே போட்டுவிட்டோம். நண்பர்கள், ஊர் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லாரும் டவுன் ஹால் ரோடு, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் அறை எடுங்கள். ரயில் நிலையமும் கோயிலும் நடந்து போகிற தூரம். விடியற்காலை 5 மணிக்குப் பாலத்தில் நெரிசல் இருக்காது, மண்டபத்துக்கு வருவதில் கஷ்டமில்லை.

படி 3: தெருக்களை மனப்பாடம் செய்வது

இதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள், மூன்று நாளும் வழி தவறாது. கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாகத் தெருக்கள். மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி. அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒவ்வொன்றுக்கும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என நான்கு பக்கம். 'மேல மாசி வீதி' என்றால் கோயிலுக்கு மேற்கே நான்காவது சதுரம். முகவரியைக் கேட்டவுடன் கோயிலிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தத் திசையில் என்பது தெரிந்துவிடும்.

பெருமாள் மேஸ்திரி வீதி, மாரட் வீதி என்று மாதப் பெயர் இல்லாத தெருக்களும் நடுவில் வரும். பழைய கோட்டைச் சுவரை பிளாக்பர்ன் என்ற கலெக்டர் இடித்து ஊரை விரித்தபோது, அந்த வேலையைப் பார்த்தவர்களின் பெயரில் வந்தவை. அந்தக் கலெக்டரின் நினைவாக நிற்பதுதான் விளக்குத்தூண். சிறுவயதில் அப்பாவோடு துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அதைச் சாதாரண விளக்குக் கம்பம் என்றே நினைத்திருந்தேன்.

படி 4: வந்த அன்று காலை, மீனாட்சி

கோயில் விடியற்காலை 5 மணிக்குத் திறந்து பகல் 12.30-க்குச் சாத்துகிறார்கள். மறுபடி மாலை 4 முதல் இரவு வரை. காலை ரயிலில் வந்தவர்கள் குளித்து, காபி குடித்து, 7 மணிக்குள் உள்ளே போய்விடுங்கள். சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. அந்த நேரத்தில் தெரு கழுவி ஈரமாக இருக்கும், பூக்கடைகள் அப்போதுதான் விரிப்பார்கள்.

கைபேசியை அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 2018 தீ விபத்துக்குப் பிறகு உள்ளே கைபேசி கூடாது. வாசலில் பாதுகாப்பு அறை உண்டு, ஆனால் திரும்ப வாங்கும் வரிசையில் நேரம் போகும். எந்தக் கோபுரம் வழியாக நுழைந்தீர்களோ அதே வழியில் வெளியே வாருங்கள், செருப்பு அங்கேதான் இருக்கும். கோபுரங்கள் 14, வாசல்கள் நான்கு திசையிலும். கைபேசியும் இல்லாமல் ஆளுக்கொரு வாசலில் நின்றால் ஒருவரை ஒருவர் தேடுவதிலேயே காலை கழிந்துவிடும். பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு என்று சந்திக்கிற இடத்தை முன்பே பேசி வையுங்கள். அரைக்கால் சட்டையோடு விடமாட்டார்கள். வேட்டி, முழுக்கால் சட்டை, சேலை, சுடிதார் எல்லாம் சரி.

கிழக்கே அம்மன் சன்னதி வாசல் வழியாக நுழைவது முறை. முதலில் மீனாட்சி, பிறகு சுந்தரேசுவரர். வேற்று மத நண்பர்களுக்குக் கருவறைப் பகுதிக்குள் அனுமதி இல்லை. குளத்தையும் வெளிப் பிரகாரங்களையும் ஆயிரங்கால் மண்டபத்தையும் தாராளமாகப் பார்க்கலாம். ஆயிரங்கால் மண்டபத்துக்குத் தனியாக டிக்கெட். எண்ணினால் தூண்கள் 985.

உள்ளே போகிற எல்லாரிடமும் நாங்கள் வேண்டிக் கேட்பது ஒன்று. சுவாமி சன்னதிக்கு முன்னால் கம்பத்தடி மண்டபம் இருக்கிறது. அங்கே ஒரு தூணில் மீனாட்சி கல்யாணம். நடுவில் தலை குனிந்த மீனாட்சி, ஒரு பக்கம் சிவன், இன்னொரு பக்கம் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுக்கிற அழகர். அந்த முகத்தில் இருக்கும் வெட்கத்தைக் கல்லில் எப்படிக் கொண்டுவந்தான் என்று ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பேன். நம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அந்தக் கல்யாணத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது எங்கள் ஆசை. பக்கத்திலேயே வெள்ளியம்பலத்தில் நடராஜர் மற்ற ஊர்களைப் போல இடது காலைத் தூக்காமல் வலது காலைத் தூக்கி ஆடுவதையும் பாருங்கள். ஒரே காலில் நின்றால் சுவாமிக்கு வலிக்குமே என்று பாண்டியன் வேண்டியதால் மாறி ஆடினார் என்பது கதை.

ஆவணியில் வருவதால் ஒரு பாக்கியமும் கிடைக்கலாம். சித்திரையில் மீனாட்சிக்குப் பட்டம் கட்டுவார்கள், அதிலிருந்து ஆவணி வரை அவள் ஆட்சி. ஆவணி மூலத் திருவிழாவில் சுந்தரேசுவரருக்குப் பட்டம். மூல நட்சத்திரத்தன்று வைகைக்கரைப் பக்கம் புட்டுத்தோப்பில், பிட்டுக்கு மண் சுமந்த கதையை நடத்திக் காட்டுவார்கள். நாள் வருடத்துக்கு வருடம் மாறும். முகூர்த்தத்தை ஒட்டி வந்தால் குழுவில் தெரிவிக்கிறோம்.

படி 5: பகல் 11 முதல் 4 வரை

சாப்பிட்டுத் தூங்குங்கள். நிஜமாகவே சொல்கிறோம். மதுரைக்காரர்கள் வெயில் நேரத்தில் ஊர் சுற்ற மாட்டார்கள். வெளியே இருந்தே ஆக வேண்டும் என்றால் தமுக்கம் பக்கம் காந்தி அருங்காட்சியகம் நிழலான இடம். ராணி மங்கம்மாள் காலத்து அரண்மனை அது. 1959-இல் நேரு திறந்து வைத்தார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, ரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அவர் மேலாடையைத் துறந்ததும் இதே ஊரில்தான், 1921 செப்டம்பர் 22, மேல மாசி வீதியில் ஒரு வீட்டில். இப்போது அங்கே கதர்க் கடை. குழந்தைகள் உடன் இருந்தால் புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம், அவர்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது.

வரவேற்பு முடிந்த இரவு எங்கும் கிளம்ப வேண்டாம். தூங்கா நகரம் மறுநாளும் தூங்காமல்தான் இருக்கும். காலை 6 மணி முகூர்த்தம், தாலி கட்டும்போது நீங்கள் எதிரில் இருக்க வேண்டும்.

படி 6: முகூர்த்த நாள் மாலையும் இரவும்

இந்த வழிகாட்டியில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. பந்தியில் சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு அறைக்குப் போய் நன்றாகத் தூங்கி எழுந்து, 4.30-க்குக் கிளம்புங்கள்.

முதலில் விளக்குத்தூண். சுங்குடிச் சேலை எடுக்க விரும்பும் அத்தைமார்களுக்குத் தெற்கு மாசி வீதி, விளக்குத்தூண் பக்கத்துக் கடைகள். சௌராஷ்டிர மக்கள் கைமுடிச்சு போட்டுச் சாயம் ஏற்றுகிற சேலை, 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த புள்ளிச் சேலையையும் சுங்குடி என்று விற்பார்கள். விலை குறைவு, அது வேண்டும் என்றால் அதுவும் நல்ல பருத்திதான். கைமுடிச்சா என்று தெரிய, புள்ளியின் மேல் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். இஸ்திரி போடாத துணியில் முடிச்சு இருந்த இடம் சற்று மேடாக நிற்கும். புள்ளிகளும் எல்லாம் ஒரே அச்சாக இருக்காது. புதுமண்டபத்தில் இருந்த தையல், வளையல், புத்தகக் கடைகள் அருகிலேயே குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. முன்பு வந்தவர்கள் பழைய இடத்தில் தேட வேண்டாம்.

கடை வேலை முடிந்ததும் கீழ மாரட் வீதியில் ஜிகர்தண்டா. சுண்டக் காய்ச்சிய பால், ஊறிய பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். முதல் தடவை குடிக்கிறவர்கள் சிறிய கிளாஸ் வாங்குங்கள், வயிற்றில் பந்திச் சாப்பாடும் இருக்கும். சளி பிடித்தவர்களுக்குப் பருத்திப்பால். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்குத் தட்டி, தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். மாலையில் மாசி வீதிகளில் தள்ளுவண்டிகளைப் பார்க்கலாம். அவர் முதல் டம்ளரை முகம் சுளித்துக் குடித்தார். இப்போது மதுரை வந்தால் அதைத்தான் முதலில் கேட்கிறார்.

மாலை 6 மணிவாக்கில் இரண்டு வழி. குழந்தைகளோடு வந்தவர்கள் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் போங்கள். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது, நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் காற்று, தின்பண்டக் கடைகள். மற்றவர்கள் திருமலை நாயக்கர் மகால். 1636-இல் கட்டியது. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற தூண்கள். இப்போது நிற்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதிதான். ஒலி-ஒளிக் காட்சி அன்று உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள், மராமத்து நடந்தால் இருக்காது.

இரவு 9 மணிக்குள் மறுபடி கோயில். காலையில் பார்த்தாயிற்றே என்று நினைக்காதீர்கள். கோயில் சாத்தும் முன் பள்ளியறை பூஜை. சுவாமியின் திருப்பாதத்தைப் பல்லக்கில் வைத்து மீனாட்சி சன்னதிக்கு எடுத்துப் போவார்கள். தூபம், மேளம், ஓதுவார் பாட்டு, ஆளே இல்லாத நீண்ட பிரகாரம். அவர் என்னிடம் கல்யாணப் பேச்சை முதலில் எடுத்தது அந்தப் பூஜை பார்த்து வெளியே வந்த இரவில்தான்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் கோயிலுக்குப் போய் வந்த பிறகு சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம், அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். சிம்மக்கல்லில் கோனார் கடை, கறிதோசை. கனமான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மட்டன் கறி, மூன்றும் கல்லிலேயே ஒன்றாக வேகும். ஒரு தோசையை இரண்டு பேர் பங்கிடலாம். பன் பரோட்டாவும் சால்னாவும் பல கடைகளில் உண்டு. சைவக்காரர்களுக்கு இட்லி இருக்கவே இருக்கிறது. மதுரை இட்லியை இரவு 11 மணிக்கும் சூடாக, நாலு வகைச் சட்னியோடு சாப்பிடலாம்.

அயிரை மீன் குழம்பு மதியச் சாப்பாட்டு விஷயம், மெஸ்களில் மட்டும். விரல் நீளம்கூட இருக்காது, உயிரோடு வாங்கிச் சுத்தம் செய்ய வேண்டும், அதனால் விலை கூடுதல். ஒரு தட்டு வாங்கி ஆளுக்குக் கொஞ்சம் ருசி பாருங்கள்.

படி 7: இன்னும் ஒரு நாள் இருப்பவர்களுக்கு

மூன்று இடம் சொல்கிறோம், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் ஓடிப் பார்த்தால் காருக்குள் இருந்ததுதான் நினைவில் நிற்கும்.

குடும்பமாக வருகிறவர்களுக்கு அழகர்கோவில், வடக்கே சுமார் 21 கிலோமீட்டர். தூணில் தங்கையின் கையைப் பிடித்துக் கொடுத்தாரே, அந்த அண்ணனின் ஊர். பிரசாதமாகக் கிடைக்கும் தோசையை வாங்காமல் திரும்பாதீர்கள், கனமாக, நெய் மணக்க இருக்கும். மேலே பழமுதிர்சோலை, அதற்கும் மேலே நூபுர கங்கை. கையில் தின்பண்டப் பை இருந்தால் குரங்குகள் விடாது.

பழைய விஷயங்களில் ஆர்வம் உள்ளவர்களுக்குக் கீழடி, தென்கிழக்கே 12 கிலோமீட்டர் அளவில், சிவகங்கை மாவட்டம். 2015-இல் தோண்டத் தொடங்கியவர்கள் எடுத்த பானை ஓடுகள், அவற்றில் கீறிய தமிழ்ப் பெயர்கள், தாயக்கட்டை, தந்தச் சீப்பு எல்லாம் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வார விடுமுறையைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள்.

நடக்கத் தெம்புள்ள நண்பர்களுக்கு, கீழக்குயில்குடி சமணர் மலை. ஊரின் மேற்கே. காலை 6 மணிக்கு அடிவாரத்தில் இருங்கள். தாமரைக் குளம், ஐயனார் கோயில், பக்கத்தில் பாறையில் வெட்டிய படிகள். ஏறினால் பேச்சிப்பள்ளத்தில் ஆயிரம் வருடத்துக்கும் முந்திய தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக, அடியில் வட்டெழுத்து. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு என்ற சமணர் குகை. தண்ணீர் எடுத்துப் போங்கள், மேலே கிடைக்காது. 9 மணிக்குள் இறங்கிவிட வேண்டும், பாறை சூடேறிவிடும்.

படி 8: கிளம்பும் நாள்

மல்லிகை வாங்காமல் மதுரையை விட்டுப் போவதாவது! 2013-இல் மதுரை மல்லிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. காம்பு நீளம், இதழ் தடிமன், அதனால் மற்ற ஊர்ப் பூவைவிட அதிக நேரம் வாடாமல் இருக்கும். நிறைய வேண்டும் என்றால் காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தை. முகூர்த்த நாளில் விலை ஏறும், ஒரு நாள் தள்ளி வாங்கினால் குறைந்திருக்கும். கொஞ்சம் போதும் என்றால் சித்திரை வீதியில் கட்டிய பூ முழக் கணக்கில்.

ஊருக்குக் கொண்டுபோகிற பூ மலர்ந்திருக்கக் கூடாது. காலையில் பறித்த இறுகின மொட்டாகக் கேளுங்கள், அது மாலையில்தான் விரியும். 'வெளியூர் போகுதுக்கா, வாழையிலையில் மடித்துக் கொடுங்க' என்று சொன்னால் போதும், எத்தனை மணி நேரப் பயணம் என்று கேட்டு அதற்குத் தகுந்த மாதிரி கட்டித் தருவார்கள். விமானத்தில் போகிறவர்களுக்குப் பெட்டியில் வைத்தும் தருவார்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி வைக்காதீர்கள், வியர்த்துக் கறுத்துவிடும். ரயிலில் ஜன்னல் வெயில் படாத பக்கம் வையுங்கள். காலை வைகை எக்ஸ்பிரஸில் போகிறவர்களுக்குச் சந்தைக்குப் போக நேரம் இருக்காது. முந்தின நாளே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், விடியற்காலையில் தம்பி மொட்டுப் பொட்டலத்தோடு நடைமேடைக்கு வந்துவிடுவான்.